பருவக் கணக்கு

படிவத்தில் ஒரு கட்டம்:
பூச்சுவேலையில் எத்தனை ஆண்டு அனுபவம்?
எட்டு என்று போடு, என்றாள் செர்மா,
தன் கட்டத்தில் பன்னிரண்டைப் போட்டபடியே.
யார் எண்ணப்போகிறார்கள்?

நான் எண்ணினேன்.

உலான்பாத்தரில் நான் வேலைக்கு வந்து
ஆறு ஆண்டு ஆகிறது.
ஆனால் இந்த ஊரில் கொத்துவேலைக்கு
ஆண்டு என்பது அரை ஆண்டு.
அக்டோபர் கடைசியில் வாளித் தண்ணீர் உறையும்.
மே வரும்வரை
சாரங்கள் காற்றில் சும்மா கிறீச்சிட்டுக் கிடக்கும்.
அந்த மாதங்களில் நான் சந்தையில்
ஒட்டக மயிர்க் காலுறை விற்றேன்.
காலுறை விற்றது பூச்சில் சேருமா?

ஆக, ஆறு பருவம்.
முதல் பருவம் முழுக்க மணல் சலித்தேன்,
வாளி தூக்கினேன்.
கரணையைத் தொட்டது கழுவி வைக்கத்தான்.
அதைக் கழி.
மகன் வயிற்றில் இருந்த கோடையில்
பாதியிலேயே நின்றுவிட்டேன்.
அந்தப் பாதியையும் கழி.

நாலரைப் பருவம், என்று எழுதினேன்.
கணினிக்கு ஆண்டுதான் தெரியும், என்றாள் எழுத்தர் பெண்.
அப்படியானால் இரண்டேகால்.
இரண்டேகாலா?
மாவு நிறுத்து வாங்கவா வந்தாய், என்று சிரித்தாள்.
வரிசையில் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.
என் காது மட்டும் சூடாக இருந்தது,
வெளியே ஏப்ரல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி பாத்சூரி
கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
ஒரு பள்ளிக்கூடத்து நடை, நீளச் சுவர்,
பாலாடை படிந்ததுபோல.
உன்னுடையதா?
ஜன்னல்வரை என்னுடையது.
அதற்கு அப்பால் செர்மாவுடையது.
சொல்லிவிட்டுப் பார்த்தேன்:
அழகான பக்கம் அப்பால்தான் இருந்தது.

பிறகு ஓர் அறை. வெறும் செங்கல்.
இரண்டு மீட்டருக்கு இரண்டு, ஒன்றரை மணி நேரம்.
கலவையை அள்ளி அடித்த முதல் அடியிலேயே
படிவம், எழுத்தர், சிரிப்பு எல்லாம் போயிற்று.
கையும் மட்டக்கட்டையும்
தங்களுக்குள் பேசிக்கொண்டன.

நேரம் முடிந்ததும்
ஜன்னலை அட்டையால் மூடினார்.
ஒற்றைப் பல்பை எடுத்து
சுவரோடு சுவராக வைத்துப் பிடித்தார்.
நேரே நின்று பார்த்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்.
பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கு
யாரிடமும் தாட்சண்யம் கிடையாது.

வெளிச்சம் போவதற்கு முன்பே சொன்னேன்:
இடது கீழ்மூலையில் ஒரு பள்ளம் இருக்கும்.
இருந்தது. கரண்டியளவு நிழல்.
நடுவிலும் ஒன்று இருக்கிறதே,
அதை ஏன் சொல்லவில்லை?
அது எனக்குத் தெரியாது.

கூரை பூசியிருக்கிறாயா?
ஒருமுறை. என் தலைமேலேயே விழுந்தது.
அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.
சுவர்: சரி.
மூலை: பார்த்துக்கொள்ள வேண்டும்.
கூரை: கொடுக்க வேண்டாம்.
கூலி: இரண்டாம் நிலை.
நான் கேட்டு வந்தது முதல் நிலை.
மாதம் மூன்று லட்சம் துக்ரிக் குறையும்,
அடுப்புக்கரி, மகனின் சப்பாத்து,
மனம் இன்னொரு கழித்தலைத் தொடங்கிவிட்டது.

கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோது
அடுத்த அறையில் பல்பு எரிந்தது.
கதவிடுக்கில் செர்மாவின் சுவர் தெரிந்தது.
வெளிச்சம் மேலிருந்து கீழ்வரை
வழுக்கிக்கொண்டு போனது.
நிழல் ஒன்றுகூட எழவில்லை.

பன்னிரண்டு ஆண்டா, என்றார் பாத்சூரி.
வெகுநேரம் சத்தமே இல்லை.
சொட்டுகிற குழாயை மூடினேன்.
ஒன்பது, என்றாள் செர்மா,
திருடிப் பிடிபட்டவளின் குரலில்,
அந்தச் சுவரின் முன்னால் நின்றுகொண்டு.